எட்டு நாள் இருட்டு

நர்மதாவுக்கு ராயபுரத்து மனநோயாளிகள் இல்லத்தில் பெயர் பூமாரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அண்ணன் ராமதாஸ் கொண்டுவந்து விட்டபோது பதிவேட்டில் அப்படித்தான் எழுத வைத்தான். எம்.கே.பி. நகரில் ஒரு விலாசமும் கொடுத்தான். இரண்டும் பொய். வந்த புதிதில் அவள், என் பேர் நர்மதா, என் ஊர் எண்ணூர் நெட்டுக்குப்பம் என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ‘தன் பெயரும் ஊரும் வேறு என்கிறாள்’ என்று ஃபைலில் எழுதி, மாத்திரையைக் கூட்டினார்கள். வருஷம் ஒன்று போனது. அவள் சொல்வதை நிறுத்தினாள். ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதினார்கள். புத்தி தெளிந்ததற்கு அடையாளம் பொய்யை ஒப்புக்கொள்வதுதான் போலிருக்கிறது என்று அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

அவளுக்கு நோய் இருந்தது நிஜம், அதை அவளே மறுக்கமாட்டாள். பிள்ளை செத்துப் பிறந்தது. கட்டியவன் வேறொருத்தியோடு போய்விட்டான். அதற்கப்புறம் ஆறு கடலில் சேர்கிற முகத்துவாரத்துப் பக்கமிருந்து ஒரு குழந்தை அழுகிற சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. மூன்று தரம் தண்ணீரில் இறங்கினாள், மூன்று தரமும் ஊர்க்காரர்கள் இழுத்துக் கரையில் போட்டார்கள். அந்தச் சத்தம் நின்று ஐந்து வருஷம் ஆகிறது. இப்போது ராத்திரிக்கு ஒரே ஒரு மாத்திரை. இல்லத்தில் முப்பத்தெட்டு பேருக்குச் சோறு வடிப்பதே அவள்தான். ஆனால் கொண்டுவந்து கையெழுத்துப் போட்டவர் மறுபடி வந்து கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவது என்று இல்லத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. எம்.கே.பி. நகருக்குப் போட்ட கடிதங்களெல்லாம் அப்படி ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. நல்லவளாக ஆகியும் பிரயோசனம் இல்லை.

அந்த மே மாதம் எல்லையில் சண்டை மூண்டது. இல்லம் இருந்தது கல்மண்டபத்துக்குப் பின்னால், துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை ஒட்டி. விமானம் வந்தால் முதலில் அங்கேதான் குண்டு போடுவான் என்று சொல்லி, அதிகாரிகள் வந்து ஒரே நாளில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மேனேஜர் ஞானதுரை நாசரேத்துப் பக்கத்து ஆள், கர்த்தருக்கும் கவர்மெண்டுக்கும் பயந்தவர். காலையிலிருந்து போன் போட்டுப் பார்த்தார். பதினைந்து பேருடைய வீட்டார் வந்தார்கள். பத்துப் பேருடைய வீட்டில், எங்களுக்கே இடமில்லை என்றார்கள். மற்றவர்களுக்கு மணி அடித்து அடித்து நின்றது. மத்தியானத்துக்கு மேல் அவர் பொறுமை இழந்து, போக்கிடம் இருக்கிறவர்கள் போகலாம், இல்லாதவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைக்கிறேன் என்று கேட்டைத் திறந்துவிட்டார். கையெழுத்து கிடையாது, விசாரணை கிடையாது. ஒன்பது வருஷம் நல்லபடியாக இருந்து கிடைக்காதது, எவனோ எங்கேயோ போடப்போகிற குண்டுக்குப் பயந்து ஒரு நிமிஷத்தில் கிடைத்தது.

போகிறவளிடம் அவர் ஒரு தாளைக் கொடுத்தார்.

“இத கவனமா வச்சுக்கோ பூமாரி. சண்டை ஓய்ஞ்சு மூணு நாளைக்குள்ள உங்க அண்ணன் இதுல கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்தா, பேரை அடிச்சிருதேன். இல்லன்னா நீ திரும்பி வந்துரணும், பாத்துக்கோ.”

கேட்டருகே மெஹ்னாஸ் நின்றிருந்தாள். பதினாலு வருஷமாக அங்கே இருப்பவள். வருகிறவர் போகிறவர் எல்லாரையும் பார்த்து, வேன் வந்துச்சா, வேன் வந்துச்சா என்று கையைத் தட்டிச் சிரிப்பாள். அவளை அழைத்துப் போக யாரோ வேன் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்களாம். திறந்த கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு காலைக்கூட வைக்கவில்லை. வேன்தான் வரவில்லையே.

பஸ்ஸில் நர்மதா டிக்கெட்டுக்குக் காசு நீட்டினாள். பொம்பளைங்களுக்கு ஃப்ரீயாச்சே, எத்தினி வருஷமா கீது, நீ எங்க இருந்தே என்று கண்டக்டர் கேட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வெளியாட்களோடு சேர்ந்து சிரித்து வெகு காலமாகியிருந்தது. திருவொற்றியூர் தாண்டியதும் கடல் தெரிந்தபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள், அழுகிறாள் என்று யாராவது பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம்.

நெட்டுக்குப்பத்தில் இறங்கும்போது ஏழு மணி அடித்து அனல்மின் நிலையத்துச் சங்கு ஊதியது. அந்த வாரம் முழுக்க உத்தரவு அதுதான். ஏழிலிருந்து ஒன்பது வரை துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு விளக்கும் எரியக்கூடாது. தெரு ஒரே அடியில் இருண்டது. சட்டியில் மீன் போட்டவள் அப்படியே அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். அந்த இருட்டில் நர்மதா யார் கண்ணிலும் படாமல், சுவரைத் தடவிக்கொண்டே அண்ணன் வீட்டுக்குள் போனாள்.

ராமதாஸ் செல்போன் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தான். தலைமுடியை ஒட்ட வெட்டி, மாத்திரையில் உடம்பு ஊதி, ஆள் அடையாளமே இல்லை. ஆனாலும் கூடப் பிறந்தவனுக்குத் தெரியாமல் போகுமா? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய பெண்டாட்டி குணசுந்தரி, யாருய்யா இது என்று கேட்டாள். அவன் சுவரில் மாட்டியிருந்த படத்தின் மேல் வெளிச்சத்தை அடித்தான். மாலை போட்ட நர்மதா. அடியில் தோற்றம், மறைவு என்று தேதிகூட இருந்தது.

அப்போதுதான் நர்மதாவுக்குத் தான் செத்துப்போன சங்கதி தெரிந்தது. ராமதாஸுக்குப் பெண் பார்த்திருந்த நேரம். பைத்தியம் இருக்கிற வீட்டில் பெண் கொடுக்கமாட்டார்கள். ஒருநாள் விடியற்காலையில் அவளை ராயபுரத்தில் விட்டுவிட்டு வந்து, அவளுடைய செருப்பை முகத்துவாரத்து மணலில் போட்டான். தங்கச்சி போயிட்டா என்று கத்தினான். மூன்று தரம் தண்ணீரில் இறங்கினவள் நாலாவது தரமும் இறங்கியிருப்பாள் என்று ஊரே நம்பியது. குப்பத்தில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்பது கட்டுப்பாடு. இரண்டு நாள் தேடி, மூன்றாம் நாள் காரியம் செய்து, மூன்று நாளும் ஊரில் ஒரு படகு மீனுக்குப் போகவில்லை. அத்தனை வீட்டு அடுப்பிலும் அவளுக்காகப் பூனை தூங்கியது.

குணசுந்தரிக்கு முதலில் பயம், அப்புறம் கோபம்.

“அமாவாசைக்கு அமாவாசை இவங்களுக்குன்னு சோறு வெச்சி காக்காக்கு போட்டுகினு கீறேன். நீ பக்கத்துல உக்காந்து துன்னுகினு இருந்தே. ஒரு நாளாவது வாயத் தொறந்தியாய்யா நீ?”

ராமதாஸ் தலையிலடித்துக்கொண்டு அழுதான். நர்மதாவுக்கு அவன்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் ஞானதுரை கொடுத்த தாளை எடுத்து அவன் முன்னால் வைத்து, இதில் ஒரு கையெழுத்து மட்டும் போடு அண்ணே, நான் ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன் என்றாள். சண்டை முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என்ன தண்டம் போட்டாலும் கட்டுகிறேன், அப்புறம் தலைநிமிர்ந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று அவன் சத்தியம் செய்தான். அதுவரைக்கும் பகலில் வெளியே தலைகாட்ட வேண்டாம் என்றான்.

பகலெல்லாம் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குத் துணி கட்டி, உள்ளே உட்கார்ந்திருப்பாள். இல்லத்திலாவது முற்றத்தில் வெயில் விழும், இங்கே அதுவும் இல்லை. பிள்ளைகள் லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. ஆனால் ஏழு மணிச் சங்கு ஊதியதும் குணசுந்தரி அவளைக் கையைப் பிடித்துக் கரைக்கு அழைத்துப் போவாள். வாய் கடுகடுவென்றிருந்தாலும் மனசு அப்படி இல்லை. கேட்டவர்களிடம், பழவேற்காட்டிலிருந்து வந்திருக்கிற ஒறமுறை, பேர் பூமாரி என்று சொல்லிவைத்தாள்.

மீன்பிடித் தடைக்காலம் வேறு. அதற்கு மேல் சண்டைக்காக நாட்டுப் படகும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் ஊர் மொத்தமும் மணலில்தான் கிடந்தது. பக்கத்தில் இருப்பவள் மூக்கு எங்கே என்றுகூடத் தெரியாத இருட்டு. மற்றவர்களெல்லாம் அந்த இருட்டைத் திட்டினார்கள். நர்மதாவுக்கு அது பழக்கம், ஒன்பது வருஷமாக ஏழு மணிக்கு விளக்கணைத்துப் பூட்டப்பட்டவள்தானே. பூட்டு இல்லாத இருட்டு இதுதான் முதல். குரலை வைத்தே இன்னார் இன்னார் என்று அடையாளம் கண்டு உள்ளுக்குள் பெயர் சொல்லிக்கொண்டாள். அவள் குரல் மாத்திரையில் தடித்துப்போயிருந்ததால் யாருக்கும் பிடிபடவில்லை. யாரோ அவள் மடியில் வேர்க்கடலை கொட்டினார்கள், யாரோ கைக்குழந்தையைக் கொஞ்சம் வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். குழந்தை அவள் தோளில் தூங்கிப்போனது. அவளை நம்பி ஒரு குழந்தையை யாராவது கொடுப்பார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

உலகமே சண்டை நிற்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டிருந்தது. அவள் ஒருத்தி, கங்கையம்மா, இன்னும் கொஞ்ச நாள் அடித்துக்கொள்ளட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அது பாவம் என்று அவளுக்குத் தெரியும்.

கரையில் அவளோடு ஒட்டிக்கொண்டவள் சிவந்தி. நர்மதா ஊரைவிட்டுப் போனபோது கல்யாணமாகி வந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண், இப்போது திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். வாய் ஓயாமல் பேசுவாள். பேசுவதற்கு வீட்டில் ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம். இருட்டில் நர்மதாவின் முழங்கால்மேல் கையைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். ஐந்தாம் நாள் சாயங்காலம், உன் வீட்டுக்காரர் எங்கே என்று நர்மதா யதார்த்தமாகக் கேட்டாள்.

“அவரு பூட்டாரு, ஒம்பது வருசம் ஆச்சி. ராமதாசு தங்கச்சி ஒருத்தி, புத்தி சரியில்லாதவ, ஆத்துல எறங்கிட்டா. அவள தேட சொல்லோ படகு கவுந்து போச்சி. ரெண்டா நாளு அவர மட்டும்தான் எடுத்தாங்க, அவ கெடைக்கவே இல்ல.”

சிவந்தியின் புருஷனை நர்மதாவுக்குத் தெரியும். பாரி. நல்ல உயரமான பையன். மூன்றாவது தரம் அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டவன் அவன்தான். அவள்மேல் கோபமாக இருக்குமே உனக்கு என்று எப்படியோ கேட்டுவிட்டாள்.

“மொதல்ல இருந்துச்சி, இல்லன்னு சொல்லமாட்டேன். அப்பால யோசிச்சேன். ஒரு உசுர காப்பாத்தத்தான போனாரு, சும்மாவா செத்தாரு? அத நெனச்சிகினுதான் இத்தினி வருசம் ஓட்டிகினு கீறேன் பூமாரி. அது இல்லன்னா நானும் அந்த ஆத்துலதான் எறங்கியிருப்பேன்.”

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நர்மதா அண்ணனை உலுக்கினாள். அவன் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். ஊர் மூன்று நாள் கடலுக்குப் போகாததற்குத் தண்டம் கட்டிவிடலாம். செருப்பைத் தேடி ஒருவன் செத்தான் என்று சிவந்தியிடம் போய்ச் சொல்ல எந்த ஊர்க்கூட்டத்தால் முடியும்? நர்மதா உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த நிமிஷம் பாரி சும்மா செத்தவனாகிவிடுவான். அவள் மறுபடி அந்தத் தாளை அண்ணனிடம் கேட்கவில்லை. அவனும் கையெழுத்துப் பேச்சை எடுக்கவில்லை.

அப்போதே புறப்பட்டிருக்க வேண்டும். புத்தி சொன்னது. ஆனால் ஒன்பது வருஷப் பட்டினிக்குப் பிறகு இலையில் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்திரு என்றால் யாரால் முடியும்? இன்னும் ஒரு சாயங்காலம், இன்னும் ஒரே ஒரு சாயங்காலம் என்று ஆறாம் நாளும் ஏழாம் நாளும் போனாள். சிவந்தி பக்கத்தில் உட்காரவும் முடியவில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

எட்டாம் நாள் சங்கு ஊதி அரை மணிகூட ஆகியிருக்காது. திடீரென்று அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டில் விளக்கு எரிந்தது. அடுத்த நொடி தெருவிளக்கு, மீன் ஏலக் கூடத்து விளக்கு, கோயில் கோபுரத்து சீரியல் பல்பு என்று கரை மொத்தமும் பளிச்சென்று ஆனது. சண்டை நின்னு போச்சி, சண்டை நின்னு போச்சி என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். எவனோ சரவெடியைக் கொளுத்தினான். எல்லார் முகத்திலும் சிரிப்பு.

சிவந்தியும் சிரித்துக்கொண்டே திரும்பினாள். சிரிப்பு அப்படியே நின்றது. நர்மதாவின் முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள்.

“ஏன் பூமாரி, உன்ன எங்கியோ பாத்தா மாரி கீது. ராமதாசு தங்கச்சி, அவ சாடை…”

சுற்றி இருந்த நாலைந்து பேர் திரும்பினார்கள். பத்தடி தள்ளிப் படகில் சாய்ந்திருந்த ராமதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். வாயைத் திறந்தான். சொல்லிவிடுவான் போலிருந்தது. அவன் சொல்லிவிட்டால் அவளுக்கு அண்ணன் வீடு உண்டு, கையெழுத்து உண்டு, பகல் உண்டு. நர்மதா அவனைப் பார்த்தாள், சிவந்தியைப் பார்த்தாள். யோசிக்க நேரம் இருக்கவில்லை.

அவள் பைத்தியமாக வேண்டியிருந்தது, பைத்தியத்திடம் யாரும் நீ யார் என்று துருவமாட்டார்கள். ஆனால் அவளுடைய சொந்தப் பைத்தியம் உதவாது. முகத்துவாரத்தைக் காட்டிக் குழந்தை அழுகிறது என்றால் ஊரே அவளைக் கண்டுகொள்ளும். ஆகவே மெஹ்னாஸிடமிருந்து கடன் வாங்கினாள். எழுந்து நின்று கையைத் தட்டி, வேன் வந்துச்சா, வேன் வந்துச்சா என்று ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் போய்க் கேட்டுச் சிரித்தாள். முந்தானை நழுவியதை எடுத்துப் போடவில்லை. குழந்தையை அவள் தோளில் போட்டிருந்த தாய் இரண்டடி பின்வாங்கிப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

குணசுந்தரி விவரமானவள். சட்டென்று பிடித்துக்கொண்டு, ஹோமில் இருந்தவள்தான், சண்டைக்காக அனுப்பிவிட்டார்கள், அதனால்தான் பகலில் வெளியே விடவில்லை என்று அழுதுகொண்டே சொன்னாள். அழுகை நிஜம். சிவந்தியின் பார்வையிலிருந்த சந்தேகம் கரைந்து, அந்த இடத்தில் பரிதாபம் வந்து உட்கார்ந்தது. அவளே முந்தானையை எடுத்து நர்மதாவின் தோளில் போட்டு, வாம்மா என்று கையைப் பிடித்தாள். ராமதாஸ் படகுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான்.

மறுநாள் காலையில் இல்லத்துக்கு அவளைக் கூட்டிப்போக ராமதாஸ் வரவில்லை. மேனேஜர் அடையாளம் கண்டுகொண்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். குணசுந்தரி தனியாகக் கிளம்பினாள். வேண்டாம் என்றாலும் சிவந்தி கேட்கவில்லை, நானும் வரேன் என்று ஷேர் ஆட்டோவில் ஏறி, வழி நெடுக நர்மதாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். நர்மதா வேன் வந்துச்சா என்று அவ்வப்போது கேட்டாள். வந்துரும் வந்துரும் என்று சிவந்தி ஒவ்வொரு தரமும் பதில் சொன்னாள்.

ஞானதுரை அவளைப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டார். நல்லாத்தான இருந்தே பூமாரி, எட்டு நாளையில இப்படி ஆயிட்டியே என்றார். இது திரும்ப வந்த கேஸ், பழைய பதிவு செல்லாது, புதுசாகத்தான் சேர்க்க வேண்டும், இப்போது கையெழுத்துப் போடுகிறவர் வந்தால்தான் இனிமேல் வெளியே விடுவோம் என்று பதிவேட்டைத் திருப்பி வைத்தார். ஆதார் நகலும் வேண்டும் என்றார். குணசுந்தரி பேனாவை வாங்கினாள். எந்தத் தாளிலும் நம் பேர் வரக்கூடாது என்று புருஷன் சொல்லியனுப்பியிருந்தான். பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

“ஒறமுறைன்னு சொல்லிகினு, ஒரு கையெழுத்துக்கு இன்னா பயம் உனுக்கு? குடு இங்க,” என்று சிவந்தி பேனாவைப் பிடுங்கினாள். பர்ஸிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். என்ன உறவு என்று ஞானதுரை கேட்டார்.

“அக்கான்னு போடு சார்.”

கையெழுத்தைப் போட்டுவிட்டு அவள் நர்மதாவின் கன்னத்தைத் தடவினாள். மாசம் ரெண்டு தரம் வந்து பார்க்கிறேன் என்றாள்.

“பயப்படாத. நீ நல்லா ஆனதும் நானே வந்து இட்டுகினு போறேன். ஊட்ல நான் ஒருத்திதான கீறேன், எங்கூடவே இருந்துடு.”

நர்மதாவை ஒன்பது வருஷத்தில் இப்படி யாரும் கூப்பிட்டதில்லை. போகலாம். நல்லபடியாக ஆனால் போகலாம். போய், பாரியின் படம் மாட்டிய வீட்டில், பகல் வெளிச்சத்தில், இவள் முகத்துக்கு எதிரே தினமும் உட்கார வேண்டும். அது நடக்கக் கூடாது என்றால் அவள் இனி எந்தக் காலத்திலும் நல்லவளாக ஆகக் கூடாது. சிவந்தி கேட்டருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் நர்மதா கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.